குடை முதல் செயற்கைக்கோள் வரை

(வானொலியில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு உரத்தைப் பற்றியோ பூச்சி மருந்தைப் பற்றியோ பேசப் போவதில்லை. மடக்கி வைத்து, வேண்டும்போது விரித்துக்கொள்ளும் சாமான்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். திருமழபாடியில் ஒரு விவசாயி என்னிடம் கேட்ட கேள்விதான் காரணம். "சார், நாங்க அஞ்சாறு பேர் சேர்ந்து களத்துக்கு ஒரு மடக்குப் பந்தல் வாங்கலாம்னு இருக்கோம். இழுத்தா விரியுது, தள்ளினா மடங்குது. கொள்ளிடத்துக் காத்துக்கு அது நிக்குமா?" என்று கேட்டார். ஒரு வார்த்தையில் பதில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. மடக்குகிற எந்தப் பொருளும் எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் காலை வாரும் என்று தெரிந்துகொண்டால், பதிலை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

முதலில் குடையைப் பாருங்கள். மூடியிருக்கும்போது ஒரு கைத்தடி. விரித்தால் ஓர் ஆள் ஒதுங்கும் கூரை. அந்தச் சின்னச் சாமானில் மூன்று காரியம் நடக்கிறது. மடங்கியிருக்கும்போது தானாக விரிந்துவிடாமல் ஒரு பிடி. விரிக்கும்போது எல்லாக் கம்பியும் ஒரே நேரத்தில், ஒரே அளவு எழும்ப வேண்டும். அதற்காகத்தான் எல்லாத் தாங்கு கம்பிகளையும் காம்பில் ஏறி இறங்கும் ஒரே குழாயோடு சேர்த்திருக்கிறார்கள். முழுக்க விரிந்ததும், காம்பில் துருத்திக்கொண்டிருக்கும் சின்னத் தகடு 'டக்'கென்று வெளியே வந்து அந்தக் குழாயைக் கீழே இறங்க விடாமல் பிடித்துக்கொள்கிறது. அந்தத் தகடு துருப்பிடித்து உள்ளேயே மாட்டிக்கொண்டால் குடை என்ன ஆகும்? துணி புதிதாக இருந்தாலும், கம்பி வளையாமல் இருந்தாலும், தலையில் வந்து மூடிக்கொள்ளும். பத்து பைசா பெறாத தகடு. ஆனால் விரிந்த குடை கூரையாக நிற்பது அதனால்தான்.

மடங்கியிருக்கும்போது பிடித்து வைப்பது, சேர்ந்து விரிவது, விரிந்த பிறகு பூட்டிக்கொள்வது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பங்குனியில் நந்தி கல்யாணத்துக்குத் திருமழபாடி வருகிற கடைக்காரர்களின் மடக்கு மேசைக்கும் இதே மூன்றுதான், வானத்தில் சுற்றுகிற செயற்கைக்கோளுக்கும் இதே மூன்றுதான்.

மனிதன் இதைக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் பயிர் கண்டுபிடித்துவிட்டது. வாழைத் தோட்டத்துக்குப் போனால் பார்க்கலாம். ஓர் ஆள் படுக்கக்கூடிய நீளம், ஒரு முழத்துக்குக் குறையாத அகலம் உள்ள இலை, தண்டின் நடுவில் உள்ள கையளவு வழியாக வெளியே வந்தாக வேண்டும். விரித்தபடி வர முடியுமா? பாய் போலச் சுருண்டு குருத்தாக வருகிறது. வெளியே வந்த பிறகு நுனியிலிருந்து பிரிந்து விரிகிறது. மண்ணில் போரான் சத்து குறைந்தால் புதிதாக வரும் இலை சரியாக விரியாமல் நெளிந்தும் சிறுத்தும் நின்றுவிடும். விரியாத இலை மரத்துக்குப் பாரமே தவிர சாப்பாடு போடாது.

நெல் இலையின் கதை வேறு. அது விரிந்த பிறகும் மடங்கத் தெரிந்தது. இலையின் மேல் பக்கத்தில், நீளவாக்கில் வரிசை வரிசையாகப் பெரிய செல்கள் இருக்கின்றன. தண்ணீர்ப் பை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வயலில் ஈரம் இருக்கும்வரை அந்தப் பைகள் நிரம்பி, இலையை அகட்டி வைக்கின்றன. காய்ச்சல் கண்டால் பை வற்றி இலை உள்பக்கமாகச் சுருளும். வெயில் படும் பரப்பு குறைகிறது, ஆவியாகப் போகும் தண்ணீரும் குறைகிறது. அங்கே பூட்டு இரும்பு இல்லை, தண்ணீர்தான் பூட்டு. சொல்ல வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். சுருண்ட இலையைக் கண்டதும் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். இலையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே நூலாம்படை மாதிரி இழை ஒட்டி, பச்சையம் சுரண்டப்பட்டு வெள்ளைக் கோடு தெரிந்தால் அது இலைச்சுருட்டுப் புழு. இழையும் இல்லை, சுரண்டலும் இல்லை, சாயங்காலம் இலை தானே விரிகிறது என்றால் பயிர் கேட்பது மருந்து அல்ல, தண்ணீர்.

இனி வானத்துக்குப் போவோம். நமக்கு மழைச் செய்தி அங்கிருந்துதானே வருகிறது.

செயற்கைக்கோளுக்கு மின்சாரம் சூரிய ஒளியிலிருந்து கிடைக்கிறது. அதற்குப் பெரிய பெரிய தகடுகள் வேண்டும். ஆனால் அதை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் தலைக்கூடு குறுகலானது. நம் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் தலைக்கூடு 3.2 மீட்டர் குறுக்களவுதான், பத்தரை அடி. வாழைக் குருத்துக்கு வந்த அதே சங்கடம். ஆகவே தகடுகளைக் கதவு மாதிரி கீல் வைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக மடக்கி, செயற்கைக்கோளின் விலாவோடு சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். மேலே போனதும் கட்டு அறுக்கப்படுகிறது. கீலில் உள்ள ஸ்பிரிங் தகட்டைத் தள்ளி விரிக்கிறது. ஒரு தகடு முந்தி ஒரு தகடு பிந்தாமல் இருக்க, கயிறும் உருளையும் வைத்து எல்லாவற்றையும் இணைத்திருக்கிறார்கள். முழுக்க விரிந்ததும் கொண்டி விழுந்து பூட்டிக்கொள்கிறது. குடையில் பார்த்த மூன்று காரியமும் அப்படியே இங்கே இருக்கின்றன.

வித்தியாசம் ஒன்றுதான். குடை சிக்கினால் தட்டிச் சரிசெய்யலாம். அங்கே சிக்கினால் யார் போய்த் தட்டுவது?

நம் நாட்டின் 'ஆப்பிள்' என்ற செயற்கைக்கோளைப் பெரியவர்கள் பத்திரிகைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். மாட்டு வண்டியில் வைத்து எடுத்த படம். வண்டிக்குப் பணம் இல்லாமல் அப்படிச் செய்யவில்லை. அதன் ஆண்டெனாவைச் சோதிக்கும்போது சுற்றிலும் இரும்பு இருந்தால் அளவு பிசகும் என்று மர வண்டியைத் தேடினார்கள். 1981 ஜூன் 19-ஆம் தேதி அது மேலே போனது. இரண்டு பக்கத் தகடுகளில் ஒரு பக்கம் விரியவே இல்லை. ஒற்றைச் சிறகோடு, கிடைத்த மின்சாரத்தைப் பங்குபோட்டு, இரண்டு ஆண்டுக்கு மேல் வேலை வாங்கினார்கள்.

அடுத்தது இன்சாட்-1ஏ. வெளிநாட்டில் செய்து வாங்கி, 1982 ஏப்ரல் 10-ஆம் தேதி ஏவப்பட்டது. தொலைபேசி, தொலைக்காட்சி, அதோடு மேகத்தைப் படம் பிடிக்கும் கருவியும் அதில் இருந்தது. அந்தப் படக்கருவியின் ஒரு பாகம் எப்போதும் குளிர்ந்தே இருக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தில் சூரியத் தகடு வைக்கவில்லை, ஒரே பக்கத்தில் மட்டும் வைத்தார்கள். இதில் ஒரு தொல்லை. சூரிய ஒளிக்கும் மிக மிகச் சின்ன அழுத்தம் உண்டு. ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால் அந்த அழுத்தம் நாளடைவில் செயற்கைக்கோளைத் திருப்பிவிடும். ஒரு பக்கம் மட்டும் பாரம் வைத்த காவடி நிற்குமா? அதற்காக மறுபக்கத்தில் நீண்ட கழியின் முனையில் ஒரு பாயை மடக்கி வைத்திருந்தார்கள். மேலே போனதும் அது விரிந்து சமன் செய்ய வேண்டும். அந்தப் பாய் விரியவில்லை. ஓர் ஆண்டெனாவும் முதலில் சிக்கி, பிறகுதான் விரிந்தது. பாய் செய்ய வேண்டிய சமன் வேலையும், திசை திருப்ப வைத்திருந்த எரிபொருளின் தலையில் விழுந்தது. ஏழு ஆண்டு உழைக்க வேண்டியதை, எரிபொருள் தீர்ந்து, அந்த ஆண்டு செப்டம்பரிலேயே கைவிட நேர்ந்தது.

மறு ஆண்டு, 1983 ஆகஸ்ட் 30-ஆம் தேதி, 'சாலஞ்சர்' விண்வெளி ஓடத்தில் இன்சாட்-1பி போனது. அதற்கும் சூரியத் தகடு விரியாமல் அடம் பிடித்தது. கர்நாடகத்தில் ஹாசன் என்ற ஊரில்தான் கட்டுப்பாட்டு நிலையம். அங்கிருந்தவர்களுக்குத் தூக்கம் இருந்திருக்காது. பல முயற்சிக்குப் பிறகு செப்டம்பர் நடுவில் தகடு விரிந்தது. நம் கிராமங்களுக்குத் தொலைக்காட்சி பரவியதும், புயல் மேகத்தின் படம் வானிலை நிலையத்துக்கு வேளைதோறும் வந்ததும் அந்த இன்சாட்-1பி காலத்தில்தான். அந்தக் கீல் அன்றைக்கு அசையாமல் நின்றிருந்தால், புயல் எங்கே நிற்கிறது என்று தெரிய நாம் இன்னும் சில ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்திருக்கும். இன்றைக்கு அந்த வேலையை 2016-இல் போன இன்சாட்-3டிஆரும் 2024 பிப்ரவரியில் போன இன்சாட்-3டிஎஸ்ஸும் பார்க்கின்றன. "அறுப்பைத் தள்ளிப் போடுங்கள்" என்று நாங்கள் சொல்லும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இப்படி விரிந்து பூட்டிக்கொண்ட ஒரு தகடு இருக்கிறது.

அமெரிக்காக்காரர்களும் இதில் அடிபட்டவர்கள்தான். 'ஸ்கைலாப்' என்ற பெயர் எழுபதைத் தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. 1979 ஜூலையில் அது நம் தலையில் விழப் போகிறது என்று பயந்து, இருந்த ஆட்டையும் கோழியையும் அடித்துச் சாப்பிட்டவர்கள் உண்டு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது விழுந்த கதை எல்லோருக்கும் தெரியும். அது பிழைத்த கதை பலருக்குத் தெரியாது. 1973 மே 14-ஆம் தேதி அதை ஏவியபோதே, வெயில் படாமல் காக்கும் மேல் கவசம் பிய்ந்து போனது. போகும்போது ஒரு பக்கச் சூரியத் தகட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. இன்னொரு தகட்டில் ஒரு உலோகப் பட்டை சிக்கி, விரிய விடாமல் பிடித்துக்கொண்டது. உள்ளே சூடு ஐம்பது டிகிரியைத் தொட்டது. பதினோரு நாள் கழித்து மூன்று பேர் போனார்கள். கையோடு என்ன கொண்டுபோனார்கள் தெரியுமா? மடக்கின ஒரு பெரிய குடை. சுவரில் இருந்த ஒரு சின்னத் துவாரத்தின் வழியாக அதை வெளியே நீட்டி விரித்தார்கள். நிழல் விழுந்து சூடு தணிந்தது. ஜூன் 7-ஆம் தேதி இரண்டு பேர் வெளியே போய், நீளமான கழி வைத்த வெட்டுக் கத்திரியால் அந்தப் பட்டையை அறுத்தார்கள். அறுத்த பிறகும் தகடு வரவில்லை. கயிறு கட்டித் தோள் கொடுத்து இழுத்த பிறகுதான் விரிந்தது. சேற்றில் மாட்டிய வண்டியைக் கிளப்புகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இன்னொன்று, 'கலிலியோ' விண்கலம். வியாழன் கிரகத்துக்கு 1989-இல் அனுப்பினார்கள். 4.8 மீட்டர் அகலத்துக்கு, பதினெட்டுக் கம்பி வைத்த குடை மாதிரியான ஆண்டெனா அதில் இருந்தது. 1991 ஏப்ரலில் விரியச் சொல்லிக் கட்டளை கொடுத்தார்கள். சில கம்பிகள் காம்போடு ஒட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டன. குளிரவைத்தார்கள், சூடு காட்டினார்கள், மோட்டாரை விட்டு விட்டுத் தட்டினார்கள். கடைசி வரை விரியவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது தெரிந்தது, தவறு வானத்தில் நடக்கவில்லை. அந்த ஆண்டெனா மடக்கிய நிலையிலேயே பல ஆண்டு கிடந்தது. அமெரிக்காவின் மேற்குக் கோடிக்கும் கிழக்குக் கோடிக்கும் லாரியில் பலமுறை போய் வந்தது. அந்தக் குலுக்கலில், கம்பியின் பிடிகளில் பூசியிருந்த வழவழப்புப் பூச்சு தேய்ந்து போயிருந்தது. லாரியில் போன தேய்மானம், வியாழனுக்குப் போகும் வழியில் வேலையைக் காட்டியது. மிச்சமிருந்த சிறிய ஆண்டெனாவை வைத்துக்கொண்டு, மெதுவாகப் படம் வாங்கிச் சமாளித்தார்கள்.

எல்லாம் தோல்வியாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015 ஆகஸ்ட் 27-ஆம் தேதி நம் நாடு அனுப்பிய ஜிசாட்-6, ஆறு மீட்டர் அகல ஆண்டெனாவைக் குடைபோல மடக்கிக் கொண்டுபோய் ஒழுங்காக விரித்தது. 2021 டிசம்பர் 25-இல் போன ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில், டென்னிஸ் மைதானம் அளவுக்கு ஐந்து அடுக்கு வெயில் மறைப்பு மடங்கியிருந்தது. அதைப் பிடித்திருந்த 107 பிடிகளும் ஒன்று விடாமல் கழன்றன. அனுப்புவதற்கு முன்னால் தரையில் திரும்பத் திரும்ப மடக்கி விரித்துப் பார்த்த பலன் அது. நம்மவர்களும் சூரியத் தகட்டை மேலே தண்டவாளத்தில் தொங்கவிட்டு, அதன் பாரம் கீலில் விழாதபடி செய்து, விரித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புகிறார்கள்.

சரி, இப்போது திருமழபாடிக் களத்துக்கு வருவோம்.

கடையில் விற்கிற மடக்குப் பந்தலின் சட்டம், கடைவீதியில் இழுத்து மூடும் கம்பிக் கதவு மாதிரி, கத்தரிக்கோல் கத்தரிக்கோலாகப் பட்டைகள் குறுக்கே ஓடும். குறுக்கே சேரும் ஒவ்வோர் இடத்திலும் ஓர் ஆணி. வாங்கும்போது துணியின் நிறத்தையோ தடிமனையோ பார்த்து ஏமாற வேண்டாம். ஆணியைப் பாருங்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டுங்கள். ஒரு மூட்டில் நெல்மணி அளவு ஆட்டம் இருந்தால் தெரியாது. இருபது மூட்டிலும் அந்த ஆட்டம் சேர்ந்தால் பந்தலின் மூலை ஒரு சாண் ஆடும். அடித்து மூடிய ரிவிட்டைவிட, போல்ட் நட்டு போட்ட சட்டம் மேல். தேய்ந்தால் ஊரிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

விரிக்கும்போது ஒருவர் ஒரு மூலையைப் பிடித்து இழுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் ஒரு பக்கம் முந்தி, பட்டை முறுக்கிக்கொள்ளும். முறுக்கிய பட்டை மறுமுறை நேராக விரியாது. நாலு மூலைக்கு நாலு பேர், ஆள் இல்லையென்றால் எதிரெதிர் மூலைக்கு இரண்டு பேர் நின்று, சேர்ந்து அடியெடுத்துப் பின்னால் போக வேண்டும். காலில் உள்ள பூட்டு நாலு மூலையிலும் விழுந்ததா என்று கைவைத்துப் பார்த்த பிறகே அடியில் ஆள் போகலாம். மூன்று விழுந்து ஒன்று விழாத பந்தல், விரியாத பந்தலைவிட ஆபத்து.

காற்று விஷயம். மடங்க வேண்டும் என்பதற்காக அந்தச் சட்டத்தை லேசாகச் செய்திருக்கிறார்கள். லேசான சட்டத்தின் மேல் அகலமான துணி. கொள்ளிடத்து மணல்வெளியைத் தாண்டி வரும் காற்று அதைத் தூக்கத்தான் பார்க்கும். நாலு மூலையிலும் கயிறு கட்டியாக வேண்டும். ஆற்றோர மண்ணில் முளை அடித்தால் பிடிக்காது. சாக்கில் மணலை நிரப்பி, முழங்கால் ஆழத்துக்குப் புதைத்து, அதில் கயிற்றைக் கட்டுங்கள். மழையில் துணி தொய்ந்து தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு, பத்து சென்டிமீட்டர் ஆழம் தண்ணீர் நின்றால் 100 கிலோ. நாற்பது கிலோ மூட்டை இரண்டரையைத் துணியின் நடுவில் தூக்கி வைத்த மாதிரி. காற்று எழும்பினால் யோசிக்காமல் மடக்கிவிடுங்கள். மடக்க முடியும் என்பதுதானே அதை வாங்கியதன் லாபம்?

ஆகவே அந்த விவசாயிக்கு நான் சொன்ன பதில் இது: "வாங்குங்க, ஆனா நெல்லை நம்பி வாங்காதீங்க." தூற்றவும், எடை போடவும், மூட்டை பிடிக்கவும், ஆள் நிற்கவும் மடக்குப் பந்தல் நல்லது. குவித்த நெல்லைக் காப்பாற்ற முதல் செலவு தார்ப்பாய்தான். கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஒரு இரவு மழையில் நனைந்தால் அந்தக் கணக்கு போய்விடும். அப்புறம் திரும்பக் காயப்போடும் கூலி யார் தருவது?

தார்ப்பாயிலும் மடிப்புதான் மூட்டு. வருஷம் பூராவும் ஒரே மடிப்பில் மடக்கிப் போட்டால் அந்தக் கோட்டில்தான் பூச்சு வெடிக்கும், அந்தக் கோட்டில்தான் ஒழுகும். அதனால் மடக்காமல், பாய் சுருட்டுவது போல ஒரு மூங்கிலில் சுற்றி வையுங்கள். இதில் இன்னொரு வசதி உண்டு. மழை திடீரென்று வந்தால் இரண்டு பேர் மூங்கிலின் இரண்டு முனையைப் பிடித்துக் குவியலின் மேல் உருட்டிக்கொண்டே போகலாம். பிரித்து, உதறி, எந்தப் பக்கம் நீளம் என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஈர நெல்லை இறுக மூடிவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். உள்ளே புழுங்கி நிறம் மாறும். மழை விட்டதும் திறந்து காற்று காட்டுங்கள். குவியலைச் சுற்றி வாய்க்கால் போல ஒரு கோடு வெட்டி விடுங்கள்.

அறுப்பு முடிந்ததும் பந்தலையும் தார்ப்பாயையும் நனைந்தபடியே சுருட்டி மாட்டுக் கொட்டகை மூலையில் போடுவது நம் பழக்கம். எலி கடிக்கும், ஆணி துருப்பிடிக்கும். காயவைத்து, உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். மூட்டுகளுக்கு எண்ணெய் விடுகிறவர்கள், விட்டபின் துணியால் நன்றாகத் துடைத்துவிட வேண்டும். வழிகிற எண்ணெயில் களத்துத் தூசியும் உமியும் ஒட்டி, உப்புத்தாள் போல ஆணியை அரிக்கும். வானத்தில் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் உலர்ந்த பொடிப் பூச்சைத்தான் பூசுகிறார்கள். நமக்கும் பென்சில் முனையில் இருக்கும் கிராஃபைட் தூள் போதும், தூசி ஒட்டாது.

அடுத்த அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே இறக்கி, ஒரு தடவை முழுக்க விரித்து, நாலு பூட்டும் விழுகிறதா என்று பார்த்து, மறுபடி மடக்கி வையுங்கள். எந்த ஆணி தேய்ந்திருக்கிறது என்று அப்போது தெரிந்தால், திருமானூர் போய் வாங்கி மாற்ற அவகாசம் இருக்கும்.